ரீமேக் படங்கள் சறுக்கும் இடங்கள்

மூலப் படத்தை எடுத்தவரே ரீமேக்கையும் எடுத்தால் தப்பு நடக்காது என்று நினைப்போம். ஜார்ஜ் ஸ்லூய்சரின் ‘தி வேனிஷிங்’ விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 1988-இல் வந்த டச்சுப் படத்தில், பெட்ரோல் பங்கில் காணாமல் போன காதலிக்கு என்ன ஆனது என்று தெரிந்தே தீர வேண்டும் என ஒருவன் வருடக்கணக்கில் அலைகிறான். (முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.) கடைசியில் கடத்தியவனே வந்து, அவளுக்கு நடந்தது உனக்கும் நடந்தால்தான் தெரியும் என்கிறான். இவன் சம்மதிக்கிறான். மண்ணுக்கடியில் ஒரு பெட்டிக்குள் உயிரோடு கண் விழிக்கிறான். 1993-இல் அதே இயக்குநர் ஹாலிவுட்டில் எடுத்தபோது, நாயகனை ஒரு பெண் வந்து காப்பாற்றிவிடுகிறாள், வில்லன் சாகிறான். அடிப்படைக் கதை அதேதான், ஆனால் பயம் போய்விட்டது. நாயகனுடைய அந்த வெறி அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் முழுப் படமும். முடிவு ரொம்பக் கசக்கிறது என்று தோன்றினால் அந்தக் கதையைத் தொடாமலே விட்டுவிடலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, எதையுமே மாற்றாமல் எடுப்பது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) கஸ் வான் சான்ட் 1998-இல் கலரில், கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார். கதாநாயகி என்று நம்பியவள் பாதிப் படத்துக்கு முன்பே கொல்லப்படுவாள் என்று 1960-இல் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1998-இல் அவள் கொல்லப்படும் அந்தக் குளியலறைக் காட்சி படம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். கேமரா கோணத்தை நகலெடுக்கலாம், அந்த முதல் அதிர்ச்சியை எப்படி நகலெடுப்பது? நடிகர் தேர்வும் உதவவில்லை. அசலில் கொலைகாரனாக வந்த ஆன்டனி பெர்கின்ஸின் கூச்ச சுபாவமான முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ரீமேக்கில் அந்த வேடத்தில் நடித்த வின்ஸ் வானின் ஆஜானுபாகுவான உடம்பில் அந்த அப்பாவித்தனம் ஒட்டவே இல்லை.

அப்புறம், அசலில் வேண்டுமென்றே விட்டதைக் குறை என்று நினைத்து நிரப்புவது. எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) ஒரே இரவில் நடக்கும் கதை. நாயகி இல்லை, டூயட் இல்லை. நாயகன் டில்லியின் கடந்த காலம் கார்த்தியின் பேச்சில் மட்டுமே வருகிறது; அவர் குரல் உடையும்போது அந்த மனைவியை நாமே மனதுக்குள் பார்த்துவிடுகிறோம். இந்தியில் ‘போலா’வாக (2023) வந்தபோது மனைவி ஃப்ளாஷ்பேக்கில் நேரிலேயே வந்தார், பாட்டும் வந்தது. மகளைப் பார்க்கத் துடிக்கும் ஒருவனின் அவசரம் அங்கேயே தளர்ந்துபோனது.

தொழில்நுட்பத்தை மட்டும் நம்புவதும் சரிப்படாது. சிங்கங்களை கம்ப்யூட்டரில் நிஜம் போலவே உருவாக்கிய 2019 ‘லயன் கிங்’ வசூலில் குறை வைக்கவில்லை. ஆனால் நிஜச் சிங்கத்தின் முகத்தில் அழுகை தெரியாது. 1994 கார்ட்டூன் படத்தில் வரைந்த சிங்கக்குட்டி சிம்பாவின் முகத்தில் தெரிந்தது.

சரி, எந்தப் படத்தைத்தான் எடுப்பது? நல்ல கரு இருந்தும் சரியாக அமையாத படங்களைத் தேடலாம். ஒரே இரவில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளைக் கொள்ளையடிப்பது அருமையான யோசனை. ஆனால் ஃபிராங்க் சினாட்ரா நடித்த 1960 ‘ஓஷன்ஸ் லெவன்’ மெதுவாக இழுத்துக்கொண்டே போகும். 2001-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ரீமேக்கில் அந்த யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்களையும் திட்டத்தையும் பெரும்பாலும் புதிதாக எழுதியிருந்தார்கள். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் ஞாபகம் வருவது ரீமேக்தான்.