வரம்பு எலிக்குத் தோதான நாய்

லண்டனில் இருக்கும் என் தங்கச்சி மகன் போன மாரியில் கோல் எடுத்து ஒரு புதினம் சொன்னான். அங்கே வளைக்குள் கிடக்கும் முயலைப் பிடிக்க, ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு வளர்ப்புப் பிராணியை உள்ளே விடுவார்களாம். வளை வாய்களில் எல்லாம் சின்னச் சின்னப் பை வலை. பக்கத்தில் ஒரு நாய். எந்த வளையில் முயல் இருக்கிறது என்று மோந்து காட்டிவிட்டு, சத்தம் போடாமல் நிற்பதுதான் அந்த நாயின் முதல் வேலை. ஃபெரெட் தலையை வெளியே நீட்டினால் அதைக் கவ்வவும் கூடாது. "இதுக்கு என்ன இன நாய் நல்லம் மாமா?" என்று கேட்டான். அவன் இருக்கும் இடத்தில் டெரியரும், விப்பெட் என்கிற ஒல்லியான ஓட்ட நாயின் கலப்பும்தான் அதிகமாம்.

நம்முடைய முயல் வளை தோண்டாது. பற்றைக்குள் மண்ணை லேசாக அழுத்திப் படுத்துக்கொள்ளும். ஆகவே ஃபெரெட்டுக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் அவன் சொன்ன நாய், நான் பல வருடமாக வயலில் தேடிய அதே நாய். நான் மட்டக்களப்பு மண்டூர்க்காரன். வெல்லாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். எங்கள் வளை வரம்பில் இருக்கிறது, அதற்குள் கிடப்பது எலி. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் நாய் வாங்குமுன் இதைப் படித்தால் என்னைப் போல இரண்டு நாயை வீணாக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: தோண்டுகிற நாய் வேண்டாம், காட்டுகிற நாய் வேண்டும். நான் முதலில் வாங்கியது அல்சேஷன் கலப்பு. பெரிய உடம்பு, நல்ல வீரம். எலி வாடை பட்டதும் முன்னங்கால் இரண்டாலும் வரம்பைப் பிளந்துவிடும். ஒரு நாள் பசளை போட்ட மறுநாளே வரம்பு உடைந்து, தண்ணீரும் பசளையும் சேர்ந்து கீழ் வயலுக்குப் போய்விட்டது. கீழ் வயல்காரருக்கும் எனக்கும் ஒரு போகம் முழுக்கப் பேச்சு இல்லை. வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை வந்துதான் சமாதானம் செய்து வைத்தார். எலியை விட அந்த நாய்தான் எனக்கு அதிக நட்டம் தந்தது. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லத்தான் நாய்.

இனத்தைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். ஜாக் ரசல் டெரியர் நல்ல மூக்கு, பயம் இல்லாதது. இங்கிலாந்தில் நரியை வளையிலிருந்து கிளப்ப வளர்த்த இனம். அதனால் வளை கண்டால் உள்ளே தலையை விடும், குரைக்கும். நம் வரம்பு வளைக்குள் பாம்பும் இருக்கும் என்பதை அது யோசிக்காது. டாஷ்ஹவுண்ட் மூக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீள முதுகும் குட்டைக் காலும் உழுத சேற்றில் படும் பாடு பார்க்கப் பாவமாக இருக்கும், முதுகெலும்பு வருத்தமும் அதற்குச் சீக்கிரம் வரும். லாப்ரடோர் தண்ணீரைக் கண்டால் பயிருக்குள் இறங்கிப் புரளும். என் முடிவு இதுதான்: நடுத்தர உடம்பு உள்ள ஊர் நாய், கிடைத்தால் டெரியர் இரத்தம் கொஞ்சம் கலந்தது. வெயிலும் சேறும் அதற்குப் பழக்கம், செலவும் குறைவு.

உடம்பு எப்படி இருக்க வேண்டும்? தோள் நம் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. பாரம் பத்துக் கிலோவுக்குக் கிட்ட இருந்தால் போதும், வரம்பில் ஓடினாலும் மண் சரியாது. ரோமம் குட்டையாக இருக்கட்டும், சேறும் உண்ணியும் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். விரல்கள் நெருக்கமாக, பாதம் இறுக்கமாக இருக்க வேண்டும். பரந்த பாதத்தில் அடிக்கட்டை குத்தும். நிறத்தில் வெள்ளைத் திட்டு இருந்தால் நல்லது. கதிர் வந்த வயலில் முழுக் கறுப்பு நாயைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

குட்டி எடுப்பதென்றால் குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள். அதை வரம்பில் ஒரு நடை கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வளையைத் தாண்டிப் போய், புதுமண் தள்ளிய வளையில் நின்று, காதை முன்னால் போட்டு, மூக்கை வளை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தால் மறு பேச்சு வேண்டாம். நம் வயலில் பெரிய தொந்தரவு தரும் அந்த அகழான் எலி உள்ளே இருக்கும்போது வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். மனிதன் அதைப் பழைய வளை என்று விட்டுவிடுவான். நல்ல நாய் விடாது. வெட்டிப் பார்த்தால் உள் அறையில் நம் கதிர் கட்டுக் கட்டாக இருக்கும்.

மறுகா குட்டிகள். எட்டு வாரம் ஆனதும் போங்கள். எலி வளை மண்ணை ஒரு சிரட்டையில் போட்டு, இன்னும் மூன்று சிரட்டையில் வெறும் மண் போட்டு, எல்லாவற்றையும் கிடுகால் மூடி வையுங்கள். எந்தக் குட்டி சரியான சிரட்டையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து மண்வெட்டியைப் பக்கத்தில் ஓங்கித் தரையில் போடுங்கள். எந்தக் குட்டியும் திடுக்கிடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மண்வெட்டியை மோந்து பார்க்கிறதுதான் உங்களுக்கு. ஒளிந்துகொண்டு வெளியே வராதது வீட்டுக் காவலுக்கு உதவும், வரம்புக்கு உதவாது. கடைசியாகக் கோழிக்குஞ்சு நடக்கும் முற்றத்தில் விடுங்கள். துரத்தினால் குற்றமில்லை, குட்டிதானே. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஆணா பெண்ணா என்றால், நான் பெண் பக்கம். ஆண் நாய் வட்டை, அதாவது வயல்வெளி, முழுக்கச் சுற்றும்.

பழக்குவது தனிக் கதை. வெட்டும்போது "இரு" என்றால் இருக்க வேண்டும், அதை வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தே பழக்கலாம். ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய் இருக்கும். ஒன்றில் நாம் வெட்ட, மற்றதில் நாய் காத்திருக்கும், எலி பாய்ந்தால் பிடிக்கும். விதைப்புக்கு முன் வரம்பு கட்டும் நாட்கள்தான் இதற்கு நல்ல காலம். பயிர் குடலைக்கு, அதாவது கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கு, வந்துவிட்டால் எலி குட்டி போடத் தொடங்கிவிடும், நாயும் பயிரை மிதிக்கும். பக்கத்து வயல்காரரோடு ஒரே நாளில் இறங்குங்கள். இல்லாவிட்டால் இன்று இங்கே, நாளை அங்கே என்று எலி இடம் மாறும், அவ்வளவுதான்.

பாம்பு விஷயத்தில் நாயை நம்ப வேண்டாம். எலி வளையில் நாகமும் புடையனும் படுக்கும். சாரையும் படுக்கும், அது நமக்காக எலி தின்கிற பிராணி, அதைத் தொட விடாதீர்கள். நாய் வளையில் நின்றபடி முடி சிலிர்த்துப் பின்வாங்கினால் அந்த வளையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கடித்துவிட்டால் மஞ்சள் தடவிக்கொண்டிருக்காமல் நேரே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எலி நஞ்சு வைக்கும் வயலில் நாயை இறக்கவே கூடாது. என் இரண்டாவது நாய் அப்படித்தான் போனது. பக்கத்தில் நஞ்சு வைத்தது எனக்குத் தெரியாது, செத்துக் கிடந்த எலியை அது தின்றுவிட்டது. இரத்தம் உறையாமல் செய்யும் வகை நஞ்சு என்றால் விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம் என்று பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். ஆகவே எலியைப் பிடித்ததும் வாயிலிருந்து வாங்கிப் புதைத்துவிடுங்கள், தின்னப் பழக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் ஊசியையும் வருடா வருடம் கேட்டுப் போடுங்கள். வயலில் இறங்குமுன் நமக்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்காதீர்கள்.

இப்போது என்னிடம் இருப்பவள் கறுப்பி, நெஞ்சில் மட்டும் வெள்ளை. போன மாதம் நாலு குட்டி போட்டாள். எட்டு வாரம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சிரட்டையும் வளை மண்ணும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.