சேலத்து வானில் ஒரு வணிகச் செயற்கைக்கோளைப் பின்தொடரும் முறை

செயற்கைக்கோளைப் பார்ப்பது வேறு, பின்தொடர்வது வேறு. இன்ன செயற்கைக்கோள் இன்ன விநாடியில் இன்ன விண்மீனின் அருகே வர வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அது உண்மையில் வந்த விநாடியைக் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டால்தான் பின்தொடர்ந்ததாகக் கொள்ள முடியும். சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்து இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் ஐரோப்பிய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் இலக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ஏவூர்தி முறைக்கு 36 வீதம் கொண்டுசென்ற, இணையச் சேவைக்கான ஒன்வெப் செயற்கைக்கோள்கள் சுமார் 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால், அவற்றைக் காண பைனாகுலர் வேண்டும். தொடக்கத்தில், கைபேசிகளோடு நேரடியாகத் தொடர்புகொள்வதற்காக 2024 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐந்து ப்ளூபேர்ட் செயற்கைக்கோள்களில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றும் 64 சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனாவை விரித்தபடி சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது; அதே அளவு ஆன்டெனா கொண்ட அதன் முன்னோடியான ப்ளூவாக்கர் 3, சில வேளைகளில் வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களுக்கு நிகராக ஒளிர்ந்தது.

அடுத்தது சுற்றுப்பாதைத் தரவு. செலஸ்ட்ராக் தளத்தில் செயற்கைக்கோளின் பெயரையோ பட்டியல் எண்ணையோ தேடினால், டி.எல்.இ. எனப்படும் இரண்டு வரித் தரவு கிடைக்கும். முதல் வரியில், இடைவெளிகளை வைத்து எண்ணினால், நான்காவதாக இருப்பது தரவு எந்த நேரத்துக்குரியது என்பதைச் சொல்லும் எண்ணாகும். அங்கே 25045.5 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 45-ஆம் நாள், அதாவது பிப்ரவரி 14, உலகப் பொது நேரம் பகல் 12 மணி, நம் நேரம் மாலை 5.30 என்று பொருள். இரண்டாம் வரியில் கடைசியாகத் தசமப் புள்ளியோடு வரும் எண் ஒரு நாளில் எத்தனை சுற்று என்பதைக் காட்டும், அது 15.2 என்றால், 1,440 நிமிடங்களை அதனால் வகுக்க, ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடங்கள் ஆகின்றன. பட்டியல் எண்ணுக்கு இந்த வடிவத்தில் ஐந்து இலக்கங்களே உண்டு என்பதால், புதிய செயற்கைக்கோள்களையும் தொடர விரும்புவோர், நீண்ட எண்களையும் ஏற்கும் ஓ.எம்.எம். என்ற தரவு வடிவத்தையும் படிக்கக்கூடிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தரவு எவ்வளவு புதியது என்பதில் சமரசம் கூடாது. தரவுக்குரிய நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டராக இருக்கும் பிழை, நாளாக நாளாகப் பெருகும். வணிக நிறுவனங்கள் தங்கள் செயற்கைக்கோள்களை உந்துவிசையால் அடிக்கடி நகர்த்துவதும் உண்டு. சூரியப் புயலின்போது மேல் வளிமண்டலம் விரிந்து இழுவை கூடுவதும் உண்டு. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சில நாள்களில் விழுந்து எரிந்தன. ஆகவே அன்றைக்குரிய தரவை அன்று மதியத்துக்கு மேல் இறக்கிக்கொள்ள வேண்டும். நிறுவனங்களே தரும் பாதை விவரங்களிலிருந்து உருவாக்கிய துணைத் தரவு செலஸ்ட்ராக்கில் இருந்தால் அதற்கே முதலிடம் தரலாம்.

இனி நேரம். நம் ஊர் ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 500 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோள், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 22 பாகை இறங்கியதும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். இங்கே அதற்குச் சுமார் ஒன்றரை மணி நேரமே ஆகும். வட ஐரோப்பாவில் கோடை இரவு முழுவதும் தெரியக்கூடிய அதே செயற்கைக்கோள், நமக்குச் சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின் தொடங்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில்தான் தெரியும். விடியலுக்கு முன்பும் அதே அளவு நேரம் உண்டு. ஜிபிரெடிக்ட் மென்பொருளிலோ ஹெவன்ஸ்-அபவ் தளத்திலோ உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றைச் சரியாகக் கொடுத்து, இந்த நேரத்துக்குள் 40 பாகைக்கு மேல் உயரும் கடப்புகளை (செயற்கைக்கோள் நம் வானைக் கடந்து செல்லும் தடவைகளை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூபேர்டுகளுடையவை போல நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை சாய்ந்த பாதைகள் நம் வானைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ கடக்கும். சேலம் நகரத்திலிருந்து பார்த்தால், முதல் வகைக் கடப்பு கஞ்சமலைப் பக்கம் எழுந்து சேர்வராயன் மலைப் பக்கம் இறங்கும். மாலையில் நிழல் கிழக்கில் இருப்பதால், பாதி வழியிலேயே அது மங்கி மறைவது இயல்பு. ஏற்காட்டில் லேடீஸ் சீட் பகுதியிலிருந்து தெற்கே சேலத்தின் வெளிச்சம் தொடுவானத்தை விழுங்கிவிடுகிறது; சேர்வராயன் கோயில் மேடு 1,600 மீட்டருக்கு மேல் இருப்பதால் வானம் விரிந்து கிடக்கும். மழைக்காலமும் கோடை மாலை இடிமழையும் இல்லாத பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்ற மாதங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் இறங்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துப் புறப்படுங்கள்.

கணிப்புப் பாதையை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் வரைந்து, அது நடுவே புகுந்து கடக்கும், அருகருகே உள்ள இரண்டு விண்மீன்களை முன்பே தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி நடுவில் மாலை ஏழே காலுக்கு ரோகிணி கிட்டத்தட்ட உச்சியிலும், திருவாதிரை அதற்குக் கிழக்கிலும் இருக்கும். இந்தப் பகுதியில் அடையாளங்களுக்குக் குறைவில்லை. உச்சியில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 0.9 பாகை நகர்வதால், 7 பாகை பார்வைப் பரப்புள்ள பைனாகுலரை எட்டே விநாடியில் கடந்துவிடும். எனவே அதைத் துரத்தாமல், தேர்ந்தெடுத்த விண்மீன்களின் மேல் பைனாகுலரை நிறுத்திக் காத்திருந்து, அவற்றை இணைக்கும் கோட்டைக் கடக்கும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு விநாடி பிசகினால் பாதையில் 7.6 கி.மீ. பிசகும்.

தொடர்ந்து சில கடப்புகளில் செயற்கைக்கோள் கணிப்பைவிட முந்தி வந்தால், பெரும்பாலும் அதன் பாதை தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த பாதையில் சுற்று நேரம் குறைவு. பிந்தி வந்தால் உயர்த்தப்பட்டிருக்கலாம். மறுநாள் வெளியாகும் புதிய தரவில் நாள்சுற்று எண்ணைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

மேகம் மூடிய மாதங்களில் வானொலி கைகொடுக்கும். 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒலிபரப்பும் ஆர்ப்காம் வணிகச் செயற்கைக்கோள்களை, கணினியில் செருகும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். ரிசீவரும் பக்கத்துக்கு 53 செ.மீ. நீளமுள்ள வி-வடிவ ஆன்டெனாவும் இருந்தால் கணினித் திரையில் ஒரு கோடாகக் காணலாம். வரும்போது ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும் போகும்போது அதே அளவு குறைவாகவும் தெரியும் அந்தக் கோடு மிகச் செங்குத்தாகச் சரியும் விநாடியே செயற்கைக்கோள் உங்களுக்கு மிக அருகில் இருந்த விநாடி. ரிசீவரின் அலைவெண் சற்றுப் பிசகியிருந்தாலும் இந்த விநாடி மாறாது என்பதால், அலைவெண்ணைக் குறிக்காமல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.