பரங்கிக் கொடிக்குப் பால்டின் கணக்கு வேண்டாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பின்கட்டில் பெரும்பாலும் ஒரு பரங்கிக் கொடி இருக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தும் வேலியோரம் இரண்டு விதை ஊன்றாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. கொடி பச்சைப்பசேல் என்று கூரை வரை ஏறும். காய்தான் இருக்காது. "விதை சரியில்லப்பா" என்பார்கள். பல வீடுகளில் நான் பார்த்தவரை கோளாறு விதையில் இல்லை, உரம் போடும் கையில்தான்.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, உரம் போட்டுப் பழகிய கை அது. வாளியில் உரம், அளக்கப் பால்டின், மரத்துக்கு இத்தனை டின் என்று வீசிக்கொண்டே போகும். முதிர்ந்த செம்பனை வருடத்துக்குப் பல கிலோ உரம் தின்னும். மூன்று வாரப் பரங்கிக் கன்று தாங்குமா? எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை நாலு இலைக் கன்றின் தண்டை ஒட்டி ஒரு டின் யூரியாவைக் கொட்டினார். "மழ வரும்" என்று தண்ணீரும் ஊற்றவில்லை. மழை வரவில்லை. மறுநாள் இலை ஓரமெல்லாம் தணலில் வாட்டியது போலப் பழுப்பாகச் சுருண்டிருந்தது. மூன்றாம் நாள் அடித்தண்டு வெந்து கன்று சாய்ந்தது. இந்த உரமெல்லாம் உப்பு மாதிரிதான் வேலை செய்யும். வேரைச் சுற்றி அது கூடிப்போனால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

கன்றுக்கு மூன்று வாரம் ஆனதும் ஒரு மேசைக்கரண்டி உரம் போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வட்டமாக மண்ணை லேசாகக் கீறிப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். கொடி ஓட ஓட வேரும் ஓடும். அதனால் அடுத்த முறை ஒரு முழம் தள்ளிப் போடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு கரண்டி. ஆழமாகக் கொத்தாதீர்கள், பரங்கி வேர் நிறைய மேலாகவே படரும்.

அடுத்த தவறு, கடைசி வரை ஒரே உரம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அது இலையையும் கொடியையும் தள்ளும், பூவைப் பின்னுக்குப் போடும். கடையில் 'பாஜா ஹிஜாவ்' என்று கேட்டால் கிடைக்கும் பச்சை உரம் 15:15:15, அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சமம். கொடி ஓடும் வரை அது சரி. மொட்டு தெரிந்ததும் நீலத்துக்கு, அதாவது 'பாஜா பீரு'வுக்கு மாறுங்கள். அது 12:12:17:2. நைட்ரஜன் குறைவு, பொட்டாஷ் கூடுதல், கொஞ்சம் மெக்னீசியமும் உண்டு.

அப்புறம், பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் உடனே உரப் பையைத் தூக்காதீர்கள். பல நேரம் மகரந்தம் சேராததுதான் காரணம். அடியில் குட்டிக் காய் போல உருண்டை இருப்பது பெண் பூ. காலை ஒன்பது மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். வெயில் ஏறினால் பூ வாடிவிடும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் பொதுவாகவே புளிப்பு மண். அதில் போடும் பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குழிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் காப்பூர், அதாவது புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள், கலந்து வையுங்கள். காப்பூரையும் யூரியாவையும் ஒன்றாகப் போடுவது பெரிய வீண். நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும், மூக்கில் ஏறுகிற நெடி அதுதான்.

கோழி எருவைப் பச்சையாகப் போட்டாலும் சூடுதான், ஈயும் மொய்க்கும். ஓரிரு மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். ஆட்டுப் புழுக்கை இவ்வளவு சுடாது, கிடைத்தால் அதுவே எனக்குப் பிடித்தது.

அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் கொட்டுகிற மழைக்கு முன்னால் உரம் போட்டால் பாதி சாக்கடைக்குப் போகும். மழை விட்ட மறுநாள் காலை, ஈர மண்ணில், பாதிப் பாதியாகப் போடுங்கள்.

மிச்ச உரத்தைப் பை வாயைக் கட்டாமல் வைத்தால் ஈரம் இழுத்துக் கல்லாகும். மூடியுள்ள பெயிண்ட் டின்னில் போட்டு, மேலே பெரிதாக எழுதி, வெளிக்கொட்டகையில் வையுங்கள். யூரியா பார்க்கச் சீனி மாதிரியே இருக்கும். அதைப் பழைய மைலோ டின்னில் போட்டு அடுப்படியில் வைத்திருந்த ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும்.