நெய்யைக் கடைசியில் விடுங்கள்

தினசரி கூட்டு, பொரியலுக்குத் தேங்காய் எண்ணெயில் தாளித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு நெய் அரை ஸ்பூன் மட்டும் விட்டு மூடி வையுங்கள். நெய்யின் வாசனை சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். கடைசியில் விட்டால் அது சாப்பாட்டிலேயே தங்கும், கொஞ்சமே போதும். அவியலை இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுவதும் இதனால்தான்.

வெண்பொங்கலுக்கு இது சரிவராது. மிளகும் முந்திரியும் நெய்யிலேயே பொரிய வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். ஊட்டி மாதிரி குளிர் ஊர்களில் டிபன் பாக்ஸில் ஆறிப்போகும் பொரியலுக்கு நல்லெண்ணெய்தான் நல்லது. நெய், தேங்காய் எண்ணெய் இரண்டிலுமே நிறைவுற்ற கொழுப்பு அதிகம். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இரண்டையும் அளந்தே ஊற்றுங்கள்.