ஆரியாவுக்குப் போனால் ராத்திரி தங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்காடு ஏரிப் பக்கம் நின்று பாருங்கள். கார் நகராது. போட்டிங், லேடீஸ் சீட், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, அப்புறம் “இங்க வேற என்னங்க இருக்கு?” என்று ஒரு கேள்வி. ஐந்து மணிக்கெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் சேர்ந்துவிடுவார்கள். ஊர் ஊராக மாறுவது அதற்கப்புறம்தான். நாகலூரில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறவள் நான். இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப வருஷமாக உண்டு.

அதனால்தான் மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகள், “அம்மா, புரட்டாசியில வா, ஒரு தீவுக்குப் போகலாம்” என்றபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு ஊர், மூன்று ராத்திரி. கடற்கரை ஓட்டல் கிடையாது. அவள் பிடித்துக்கொடுத்த ஊர் ஆரியா. எழுதும்போது முன்னால் ஒரு ‘ஹ’ இருக்கும், சொல்லும்போது வராது. ஹாரியா என்று கேட்டால் பஸ் டிரைவர் முழிப்பார்.

ஆரியா இருப்பது லான்சரோட்டே தீவின் வடக்கே, கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளத்தாக்கில். லான்சரோட்டே ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் ஒன்று. ஆப்பிரிக்கக் கரை பக்கத்தில், ஸ்பெயின் தூரத்தில். மாட்ரிட்டிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

விசா பற்றி நிறைய பேர் கேட்டார்கள். தீவுக்கென்று தனி விசா இல்லை, ஸ்பெயினுக்கான ஷெங்கன் விசாவே போதும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு போடலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். பெட்டியில் நெய், பால்கோவா, கறி ஊறுகாய் வைக்க வேண்டாம். பால், இறைச்சிப் பண்டங்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். தட்டுவடையும் வறுத்த காப்பித்தூளும் எனக்குப் பிரச்சினை இல்லாமல் வந்தன. கடிகாரத்தில் ஒரு விஷயம்: மாட்ரிட்டை விட தீவில் ஒரு மணி நேரம் குறைவு. செப்டம்பரில் நம்மை விட நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை.

விமானம் இறங்குகிற அரெசீஃபேதான் தீவின் தலைநகர். அங்கிருந்து ஆரியா முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு, நமக்கு சேலம் டு ஏற்காடு போல. பஸ் உண்டு, ஆனால் எண்ணிச் சில நடைதான், சனி ஞாயிறில் இன்னும் குறைவு. பஸ்ஸை அங்கே ‘குவாகுவா’ என்கிறார்கள். வேகமாகச் சொன்னால் ‘வாவா’ என்றுதான் காதில் விழும். எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துப்போயிற்று.

வாடகைக் கார் எடுப்பதானால் இங்கேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச லைசென்ஸ் வாங்கிப் போங்கள். வலது பக்கம் ஓட்ட வேண்டும். தெகீசே வழியாக வருகிற மலைரோடு, கடைசியில் கொண்டை ஊசி வளைவுகளில் ஆரியா பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் “ஹாரன் அடி, ஹாரன் அடி” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கே வளைவுக்கு வளைவு யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஏனென்றால் வளைவுக்கு அப்பால் லாரி வருவதில்லை, சைக்கிள்தான் வருகிறது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் சைக்கிள்காரர்கள் அந்த ஏற்றத்தில் மிதிக்க வருகிறார்கள். அவர்களை முந்தினால் ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். இறங்குவதற்கு முன் ஒரு திருப்பத்தில் பார்வை மேடை இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். கீழே வெள்ளை வீடுகள், நடுநடுவே ஈச்சமரத் தலைகள். ‘ஆயிரம் ஈச்சமரப் பள்ளத்தாக்கு’ என்று பெயர். நம் கரட்டு ஈச்சைக்கு அண்ணன் முறை, அடிமரம் அதைவிடப் பருமன். பெண் குழந்தை பிறந்தால் ஒரு மரம், ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு மரம் நடுவது பழைய வழக்கம் என்று சொல்கிறார்கள். அங்கேயும் அதே கதைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டூர் பஸ்கள் பதினொரு மணி வாக்கில் வரும். மரநிழல் சதுக்கத்தில் படம் எடுப்பார்கள், ஒரு காப்பி குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் சாத்துகிறபோது வருகிறவர்கள் இன்னும் பாவம், ஊரே செத்துக் கிடக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டிலிருந்து ஐந்து வரை சாத்துவது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். நீங்களும் படுங்கள். ஆறு மணிக்கு வெளியே வாருங்கள். சதுக்கத்து பெஞ்சுகளில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பந்து உதைக்கும். யாராவது கடந்து போனால் “புவேனாஸ்” என்று ஒரு வார்த்தை. கடைக்குள் நுழைந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் பொருளைத் தூக்கிப் பார்த்தால் முகம் மாறிவிடும். எங்கள் வீட்டு வாசலில் வணக்கம்கூடச் சொல்லாமல் “ரூம் ரேட் என்ன?” என்று கேட்கிறவர்களைப் பார்த்து என் முகம் மாறுகிற மாதிரி.

தங்க ‘காசா ரூரால்’ என்று தேடுங்கள். பழைய கிராமத்து வீடுகளைச் சீர்செய்து வாடகைக்கு விடுவது. எங்களுக்குக் கிடைத்த வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் பச்சை, சுவர் வெள்ளை. முற்றத்துக்குக் கீழே ‘அல்ஹீபே’ என்கிற மழைநீர்த் தொட்டி. தீவில் வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. நம் ஊரில் ஒரு ஐப்பசி அடைமழையில் அதைக் கொட்டித் தீர்த்துவிடும். இன்றைக்கு குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், குடிக்க பாட்டில் வாங்குகிறார்கள். சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த அனுபவம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கும்போது குழாயை மூடி மூடித் திறங்கள்.

அந்த மழையில் எப்படி வெங்காயமும் சர்க்கரைவள்ளியும் விளைகிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி. வயலெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும், தார் ரோடு போடக் கொட்டிய பொடி ஜல்லி மாதிரி. மூன்றாம் நாள் காலை ஊரை ஒட்டி நடந்தபோது வெங்காயப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் பேசவில்லை, குனிந்து கையால் அந்தக் கறுப்பை ஒதுக்கிக் காட்டினார். ஒரு சாண் இருக்காது. மேலே தொட்டால் சுட்டது. அடியில் பழுப்பு மண். விரலை வைத்தேன், சில்லென்று ஈரம். ‘ரோஃபே’ என்று பெயர், எரிமலை துப்பிய பொடிக்கல். எடையே இல்லை, பொரி மாதிரி. ராத்திரிப் பனியை உள்ளே விடும், பகல் வெயிலில் மண்ணின் ஈரத்தை வெளியே விடாது. 1730 முதல் 1736 வரை தீவின் தென்மேற்கே எரிமலை விடாமல் வெடித்து, தீவில் கால்பங்கை மூடிவிட்டது. ஊர் ஊராகப் போனது. ஆனால் சாம்பல் மெல்லிசாக விழுந்த இடங்களில் பயிர் முன்னைவிட நன்றாக வருவதைப் பார்த்து, அதையே விவசாயமாக்கிக்கொண்டார்கள். லா ஹெரியா பக்கம் போனால் குழிக்கு ஒரு திராட்சைக்கொடி, காற்றுக்கு மறைப்பாக அரைவட்டக் கல்சுவர் என்று மைல் கணக்கில் பார்க்கலாம்.

அதனால் ஒரு கறாரான பேச்சு. படம் எடுக்க அந்தக் கறுப்பு வயலுக்குள் கால் வைக்காதீர்கள். மிதித்தால் ரோஃபேயும் மண்ணும் கலந்துவிடும், கலந்தால் ஈரம் நிற்காது. அதைத் திரும்பப் பரப்புவது லேசான வேலை இல்லை. சும்மா தரிசு மாதிரித்தான் தெரியும், தரிசு இல்லை. ஞாபகத்துக்கு என்று ஒரு கல்லைப் பையில் போடுவதும் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் காட்டில் பச்சைக் காப்பிப் பழத்தை உருவி வாயில் போட்டுத் துப்பிவிட்டுப் போகிறவர்களிடம் பிடுங்குவதற்குத்தான் யாரும் இல்லை.

சாப்பாடு. மத்தியானச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல், ராத்திரி எட்டுக்கு மேல். நடுவில் பசித்தால் தட்டுவடை. சனிக்கிழமை நாங்கள் புரட்டாசி விரதம், சாலட்தானே என்று ஒரு கடையில் ‘என்சலாதா மிக்ஸ்தா’ சொன்னோம். தக்காளிக்கும் முட்டைக்கும் நடுவில் சூரை மீன் உட்கார்ந்திருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, அங்கே அது அப்படித்தான் வரும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி, மீன், பன்றித்தொடை எதுவும் வேண்டாம் என்று. கார்னே மட்டும் சொன்னால் ஹமோன் வந்துவிடும், அதை அவர்கள் கறியில் சேர்ப்பதில்லை போல. பயறு சூப் கேட்டாலும் எலும்பு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பயமில்லாமல் தின்னக்கூடியது சுருக்க உருளைக்கிழங்கு. நெல்லிக்காய் அளவுக் கிழங்கை தோலோடு, கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, அதே சட்டியில் உலர விடுகிறார்கள். தோல் சுருங்கி மேலே உப்புப் பூத்திருக்கும். தோலை உரிக்காதீர்கள், அடுத்த மேஜைக்காரர் சிரிப்பார். தொட்டுக்கொள்ள மோஹோ. சிவப்பு மோஹோ என்பது காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், எண்ணெய், காடி சேர்த்து அரைத்தது. காடிக்குப் பதில் புளி வைத்தால் நம் பூண்டுச் சட்னி. பச்சை மோஹோவில் கொத்தமல்லி. கோஃபியோ என்று வறுத்த தானிய மாவு ஒன்று உண்டு, சத்துமாவு வாசனை வரும்.

காப்பிக்காரி என்பதால் காப்பியையும் சொல்லிவிடுகிறேன். வறுவல் எனக்குக் கொஞ்சம் கருகல். ஆனால் ‘லெச்சே இ லெச்சே’ என்று கேளுங்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் அடியில் மில்க்மெய்ட் மாதிரி கெட்டிப்பால், நடுவில் டிகாக்‌ஷன், மேலே பால். கலக்குமுன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கலக்குங்கள்.

சனிக்கிழமை வருகிற மாதிரி திட்டம் போடுங்கள். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டரை வரை சதுக்கத்தில் கைவினைச் சந்தை. ஈச்ச ஓலைக் கூடை, ஆட்டுப்பால் கட்டி, சப்பாத்திக்கள்ளிப் பழ ஜாம். பத்து மணிக்கே போங்கள், கூட்டம் வருமுன் பேச நேரம் கொடுப்பார்கள். விலை பேரம் பேசாதீர்கள். கூடை பின்னுகிறவரின் விரலைப் பார்த்தால் கேட்கவும் மனசு வராது. இந்தக் கள்ளியில் ஒரு வேடிக்கை: நம் பக்கம் சப்பாத்திக்கள்ளியை ஒழிக்கப் பூச்சி விட்டார்கள், அங்கே சிவப்புச் சாயம் எடுக்க அந்த இனத்துப் பூச்சிக்காகவே கள்ளியைப் பயிர் வைத்தார்கள். குவாத்திசா பக்கம் அந்தக் கள்ளிக்காடுகள் இன்னும் இருக்கின்றன.

செசர் மன்ரிக்கே என்கிற ஓவியர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு ஈச்சந்தோப்புக்குள் இருக்கிறது, இப்போது காட்சியகம். 1992இல் கார் விபத்தில் இறந்தார். அவர் விட்டுப்போன தூரிகைகளும் சாயமும் பட்டறையில் அப்படியே கிடக்கின்றன. தீவில் உயரக் கட்டிடமும் விளம்பரப் பலகையும் வேண்டாம் என்று போராடியவர். சமாதியும் இதே ஊர்க் கல்லறையில்தான், ஒரு ஈச்சமரமும் கள்ளியும், வேறு ஆடம்பரம் இல்லை. குகை, பார்வை மேடை, எரிமலைப் பூங்கா எல்லாம் மற்ற எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பகல் அதற்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் மாகெஸுக்கு மட்டும் சாயங்காலம் நடந்தே போய் வாருங்கள். காற்றுக்கு ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டுக்காரி எனக்கென்ன குளிர் என்று போய்க் காது அடைத்துக்கொண்டது.

திரும்பும் நாளைக்கு முந்தின நாளே வாடகைக் காரை விட்டுவிட்டு வந்திருந்தோம், வாவாவில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. நிறுத்தத்தில் நேர அட்டவணையில் இரண்டு பத்தி இருக்கும். ‘லபோராப்லெஸ்’ என்றால் வேலை நாள், ‘ஃபெஸ்தீவோஸ்’ என்றால் ஞாயிறும் விடுமுறையும். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் முதல் பத்தியைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு நின்றோம். அரை மணி நேரம் கழித்துத் தடியூன்றி ஒரு பெரியவர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், இரண்டாம் பத்தியில் விரலை வைத்துத் தட்டிச் சிரித்தார். இன்னும் ஐம்பது நிமிஷம். பெஞ்சில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். மகள் போனில் ஏற்காடு மலைரோட்டின் மேப்பை எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் விரலை வைத்து அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வளைவாக எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டில் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பதினெட்டுக்கு வரும்போது வாவா வந்துவிட்டது.