நெருக்கமான உறவுகளைப் படமெடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இருவருக்குள் நடப்பதைச் சின்ன பட்ஜெட்டில் எடுக்க வரும் இயக்குநர்கள் பெரும்பாலும் கெடுவது, முன்கூட்டியே பேசி எழுதிவைக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவதால்தான்.

முத்தக் காட்சியைத் திரைக்கதையில் ஒற்றை வரியில் எழுதிவிட்டு, "ஸ்பாட்ல பாத்துக்கலாம்" என்பார்கள். அங்கே முப்பது பேர் சுற்றி நிற்கும்போது ஒரு நடிகையால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. எங்கே தொடலாம், எங்கே கூடாது, என்ன உடை, எந்தெந்த ஷாட் என்பதை ஒப்பந்தத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஒத்திகையில் நடன அசைவுபோல ஒன்று, இரண்டு என்று பிரித்துப் பாருங்கள். டேக்கின்போது கேமராமேன், ஃபோகஸைச் சரிசெய்யும் ஃபோகஸ் புல்லர், பூம் மைக் பிடிப்பவர் போதும். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, வெளியில் இருக்கும் மானிட்டரை அணைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறைக்குள் ஆளே இல்லாவிட்டாலும் வராந்தாவில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தில் சேராத டேக்குகளை எப்போது அழிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இந்தப் படங்களுக்கு உயிர் தாழ்ந்த குரல்தான். சாலிகிராமத்து வாடகை ஃபிளாட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் அதைத் தின்றுவிடும். இரண்டையும் அணையுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது மறுபடி போட மறக்காது. ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாதபோது இருக்கும் ஓசையை, அதாவது ரூம் டோனை, ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் கேமராவின் ஷட்டர் கோணத்தை 180 டிகிரியில் விடாமல் 172.8-இல் வையுங்கள். அப்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம் சரியாக 1/50 நொடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வெளிச்சம் துடிக்காது.

தணிக்கையை நினைத்து எடிட்டிங்கிலேயே பயந்து வெட்டுவது வீண். 2024 முதல், பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்னும் யூஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாக இருக்கிறது. ஆனால் வயது வந்தோருக்கு மட்டுமான 'ஏ' வந்தால் அப்படியே டிவியில் போட முடியாது. டிவி உரிமைக்கு வரும் சாட்டிலைட் பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டதால், தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்க்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். வெளியீட்டுத் தேதியை அதற்கேற்பத் தள்ளியே வையுங்கள்.

பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் முதல் திரையிடலையே கேட்கும். அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றினால் அந்தக் கதவு மூடிவிடும்.

நண்பரின் கதை என்றாலும் கையெழுத்து வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் உரிமை 5 ஆண்டுதான். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரர் படத்தை வாங்க வரும் அன்றுதான் இது பலருக்குத் தெரியவருகிறது.