திருட்டு வழக்கில் ஒப்புக்கொண்ட பிறகும் அப்பீல் போவது எப்படி?

"ஒத்துக்கிட்டாச்சு, இனிமே என்ன அப்பீல்?" என்று ஓய்ந்துவிடும் குடும்பங்கள் கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. தயவுசெய்து ஓய்ந்துவிடாதீர்கள். மாஜிஸ்ட்ரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும், தண்டனை அதிகம் என்றோ சட்டப்படி செல்லாது என்றோ செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 416-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. "நான் திருடவே இல்லை" என்று மட்டும் அந்த அப்பீலில் வாதாட முடியாது.

முதல் வேலை, தீர்ப்பு நகல். சிறைத் தண்டனை என்றால் ஒரு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அப்பீலுக்குக் கெடு 30 நாள். நகல் மனு போட்டு வாங்கினால் அதன் கடைசிப் பக்கத்தில் மனு கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் முத்திரையில் இருக்கும். நகலுக்காகக் காத்திருந்த நாள்கள் அந்த 30-ல் சேராது என்பதால் அந்தப் பக்கத்தைத் தொலைக்கக் கூடாது. கெடு தாண்டிவிட்டால், காரணத்தைச் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும்.

அடுத்து, தீர்ப்பை வரிவரியாகப் படியுங்கள். உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த திருட்டா? பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவா? முதல் தண்டனையா? பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்றா? நான்குக்கும் ஆம் என்றால், அன்று அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ன் 303(2) பிரிவின்படி தரவேண்டியது சமுதாய சேவைதான். பஸ் ஸ்டாண்டில் எடுத்த நாலாயிரம் ரூபாய் போன் உரியவரிடமே திரும்பிப் போயிருக்க, முதன்முறை சிக்கிய பையனுக்கு ஆறு மாத ஜெயில் என்று தீர்ப்பில் இருந்தால், அப்பீலுக்கு அந்த ஒரு வரியே போதும். மதிப்பு 5,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலும், 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி முதல் குற்றவாளியை எச்சரித்தோ கண்காணிப்பிலோ விடுவிக்கலாம். அதை மாஜிஸ்ட்ரேட் பரிசீலித்தாரா என்று பாருங்கள். வயது 21-க்குக் கீழே என்றால் இந்த வாதம் இன்னும் வலுப்படும்.

குற்றச்சாட்டைப் புரியும்படி படித்துக் காட்டாமலே "ஆம்" என்று எழுதிக்கொண்டார்களா? அப்படியானால், கீழ்க்கோர்ட் உத்தரவு சரிதானா என்று பார்க்கும்படி மேல்கோர்ட்டைக் கேட்கும் சீராய்வு மனு பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அதற்குக் கெடு 90 நாள்.

அப்பீல் மனுவோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போக வேண்டும். தீர்ப்பு வரை ஜாமீனில் இருந்து, தண்டனை மூன்று வருடத்துக்கு மேல் போகாவிட்டால், தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே அன்றைக்கே ஜாமீன் கேளுங்கள்.

அப்பீல் போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். நீங்கள் போட்ட அப்பீலில் அதைக் கூட்ட முடியாது.

கடலூர் கேப்பர் மலைச் சிறையிலோ புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையிலோ ஏற்கெனவே உள்ளே இருப்பவர், சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ரிமாண்டில் கழித்த நாள்கள் தண்டனையில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அந்த வக்கீலை விட்டே பார்க்கச் சொல்லுங்கள்.